வேனின் எண்ணெய் அளவுகளையும் தமிழில் எழுதி வைக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாலக்கோட்டில் வேன் வைத்து ஓட்டி வருகிறேன். பள்ளி நாட்களில் பிள்ளைகளையும், முகூர்த்த நாட்களில் திருமண வீட்டாரையும் ஏற்றிச் செல்கிறேன். எங்கள் தொழிலில் எவரும் பொருட்படுத்தாத ஒரு குறையை, உங்கள் நாளிதழ் வழியாகப் போக்குவரத்துத் துறையின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

கடந்த ஆண்டு ஒரு பட்டறையில் என்ஜின் ஆயில் மாற்றினேன். பில்டரோடு சேர்த்து ஆறரை லிட்டர் கொள்ளும் என் வண்டியில், டின்னில் மீதம் வைப்பானேன் என்று ஏழரை லிட்டரையும் ஊற்றிவிட்டார்கள். ஆயில் கூடினால் நல்லதுதானே என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன். அளவுக்கு மேல் நின்ற ஆயிலை, என்ஜினுக்குள் சுழலும் கிராங்க் தண்டு அடித்து நுரையாக்கியது. பின்பக்க ஆயில் சீல் கசிந்து, என்ஜினின் விசையைச் சக்கரத்துக்குக் கடத்தும் கிளட்ச் பிளேட் நனைந்து வழுக்கியது. சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில், என்ஜின் இரைந்ததே தவிர வண்டி நகரவில்லை. பின்னால் லாரிகள் வரிசையாக நிற்க, உள்ளே இருந்த பெரியவர்களை இறக்கிச் சாலையோரம் நிறுத்திய அந்த அரை மணி நேரத்தை என்னால் மறக்க முடியவில்லை.

அதே கணவாயில் இறங்கும்போது உயிரைக் காப்பது பிரேக் ஆயில். பெரிய லாரிகளைப் போல் காற்று பிரேக் இல்லாத வேன்களில், அந்தச் சிறிய டப்பாவில் இருக்கும் திரவம்தான் எல்லாம். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. டாட் 3 என்ற தரத்து பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி, 3.7 சதவீதம் நீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. இறக்கத்தில் பெடலை மிதித்துக்கொண்டே வந்தால் சூட்டில் அது கொதித்து ஆவியாகி, பெடல் தரை வரை போய்விடும். சக்கரத்தைப் பிடிக்கும் பிரேக் பேட் தேயத் தேய டப்பாவில் மட்டம் தானாகவே இறங்கும் என்பதை அறியாமல், பழைய திரவத்தின் மேலேயே ஊற்றி நிரப்புகிறவர்கள் பலர். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் மாற்றுவதே சரி.

ரேடியேட்டர் விஷயமும் இப்படித்தான். எங்கள் பக்கத்து போர் தண்ணீரைப் பாத்திரத்தில் காய்ச்சினாலே அடியில் வெள்ளையாகப் படிகிறது. அதையே ஊற்றினால் ரேடியேட்டரின் நுண்குழாய்கள் அடைபடாமல் என்ன செய்யும்? மொத்தக் கொள்ளளவு தெரிந்தால்தான் கூலன்டையும் காய்ச்சி வடித்த நீரையும் சரிபாதியாகக் கலக்க முடியும். பின் அச்சின் நடுவில் பல்சக்கரங்கள் இருக்கும் கிரவுன் ஹவுசிங்கிலும் மிகையாக ஊற்றினால், ஆக்சில் சீல் வழியே பின் டிரம்முக்குள் ஆயில் இறங்கி, பிரேக் பிடிக்காமல் போகிறது.

இந்த அளவுகள் எல்லாம் கம்பெனி கொடுக்கும் கையேட்டில் இருக்கின்றன. ஆனால் வண்டி இரண்டு கை மாறியதும் கையேடு காணாமல் போகிறது. காணாமல் போகாமல் இருந்தாலும், அது ஆங்கிலத்தில் இருக்கிறது. எப்.சி. (தகுதிச் சான்று) முடியும் நாளையும் இன்சூரன்ஸ் முடியும் நாளையும் வண்டியின் பக்கவாட்டில் எழுதி வைக்கும் நாம், பானட்டின் உட்புறத்தில் ஓர் அட்டை ஒட்டக் கூடாதா? என்ஜின் ஆயில் பில்டருடன் எவ்வளவு, பில்டர் இல்லாமல் எவ்வளவு, கியர் பாக்ஸுக்கு எவ்வளவு, கிரவுனுக்கு எவ்வளவு, கூலன்ட் எவ்வளவு, பிரேக் ஆயில் எந்த வகை, கடைசியாக மாற்றிய தேதி என்ன என்று தமிழில் இருந்தால் போதும்.

பள்ளி திறக்கும் முன் ஆண்டுதோறும் மே மாதத்தில் பள்ளி வாகனங்களை அதிகாரிகள் ஆய்வு செய்கிறார்கள். அவசர வழியையும் முதலுதவிப் பெட்டியையும் பார்க்கிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வரும் மே ஆய்விலிருந்தே இந்த அட்டையையும் கேட்டுப் பார்க்க வேண்டும் எனப் பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வேன் உரிமையாளர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.