கேள்வி எழுதப் போகும் தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சிக்கு,

இத்தனை வருடம் பாடசாலை அணியில் இருந்து மணி அடித்தவள், இந்த முறை மேசைக்கு மற்றப் பக்கம் நின்று வினாடி வினா நடத்தப் போகிறாய். மண்டபம், மைக், கிண்ணம் எல்லாம் கடைசி வாரத்திலும் சரிவரும். கேள்வித்தாளை மட்டும் இப்போதே தொடங்கு.

நம்ம ஊரான திருகோணமலைக் கேள்வியையே எடுப்போம். ‘பிரெட்ரிக் கோட்டையைக் கட்டியது யார்?’ என்று கேட்டுவிடாதே. 1624இல் கட்டியது போர்த்துக்கேயர், திருத்திக் கட்டியது ஒல்லாந்தர், 1803இல் இந்தப் பெயரை வைத்தது ஆங்கிலேயர். மூன்று அணியும் மூன்று விடை சொல்லி, மூன்றும் நியாயம் கேட்கும். ‘மூன்றாம் ஜோர்ஜ் மன்னரின் இரண்டாவது மகனின் பெயரைத் தாங்கும் திருகோணமலைக் கோட்டை எது?’ என்று கேட்டால் விடை ஒன்றுதான். ‘நம் துறைமுகம் உலகில் எத்தனையாவது பெரியது?’ என்பதைத் தொடவே வேண்டாம். பரப்பை வைத்தா ஆழத்தை வைத்தா என்று சொல்லாமலே நூலுக்கு நூல் ஓர் இடம் கொடுக்கிறார்கள்.

நல்ல கேள்வி, விடை தெரியாத பிள்ளையையும் யோசித்துக் கண்டுபிடிக்க வைக்கும். இதைப் பார்: ‘1817இல் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டிய பிரித்தானியப் போர்க்கப்பல் ஒன்று இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. 1782இல் பிரித்தானியத் தளபதி ஹியூஸின் கப்பல்களும் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரனின் கப்பல்களும் மோதிய கடற்சமரின் பெயர்தான் அதற்கும். என்ன பெயர்?’ கப்பலைக் கேள்விப்படாதவரும் சமரைப் பிடித்துத் ‘திருகோணமலை’ என்று வந்துவிடலாம். கடினமான துப்பு முதலில், இலகுவானது கடைசியில். வரிசையை மாற்றினால் முதல் வரியிலேயே மணி அடித்துவிடும், கப்பல் துப்பு ஒருவர் காதிலும் விழாது.

ஒவ்வொரு விடைக்கும் இரண்டு ஆதாரம் வை. ஒன்றைப் பார்த்து மற்றது எழுதியிருந்தால் அது ஒரே ஆதாரம். 1942இல் ஜப்பான் விமானங்கள் கொழும்பைத் தாக்கியது ஏப்ரல் 5, நம்ம ஊரைத் தாக்கியது ஏப்ரல் 9. இப்படி அடுத்தடுத்து வரும் திகதிகளில்தான் கை தவறும். ஆங்கிலக் கேள்வியை அப்படியே தமிழாக்காதே. தாவரம் ஒளியைக் கொண்டு உணவைத் தொகுக்கும் செயலின் பெயர் என்ன என்று தமிழில் கேட்டால், ‘ஒளித்தொகுப்பு’ கேள்விக்குள்ளேயே கிடக்கிறது.

முதற்சுற்று எழுத்து: 30 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 40 செக்கன். அதில் 5 கேள்விக்கு நட்சத்திரம் போட்டு, அது எவை என்று முன்கூட்டியே சொல்லிவிடு. சமநிலை வந்தால் நட்சத்திரக் கேள்விகளில் கூடுதலாகச் சரி எழுதிய அணி உள்ளே. மேல் ஆறு அணிகள் இறுதிக்கு, இருக்கை சீட்டுக் குலுக்கி.

இறுதியில், ஓர் அணிக்கு விடை தெரியாவிட்டால் கேள்வி அடுத்த அணிக்குப் போகட்டும். ஆனால் புதுக் கேள்வியை, கடைசியாகச் சரியான விடை சொன்ன அணிக்கு அடுத்த அணியிடமிருந்து தொடங்கு. இல்லாவிட்டால் பலவீனமான அணிக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு ஒவ்வொரு முறையும் இரட்டை வாய்ப்பு. 24 கேள்வியை வலப்பக்கமாகச் சுற்றவிடு, 24ஐ இடப்பக்கமாக. மேலதிகமாகப் பத்துக் கேள்வி கையில் இருக்க வேண்டும். ஆட்சேபணையை அந்தச் சுற்று முடிவதற்குள் மட்டும் எடு. தீர்ப்புச் சொல்பவர் கேள்வி எழுதியவராக இருக்கக் கூடாது. படக் கேள்விகளைக் கடதாசியிலும் அச்சடித்து வை, கரண்ட் போனால் மல்டிமீடியா உதவாது.

நடத்துகிறாய் என்பதற்காக நீ போட்டியிடுவதையும் விட்டுவிடாதே. 2003இல் தொடங்கிய உலக வினாடி வினாப் போட்டி தனிநபர் எழுத்துப் போட்டி: 8 துறை, துறைக்கு 30, மொத்தம் 240 கேள்வி. மிகக் குறைந்த புள்ளி எடுத்த துறையைக் கழித்துவிட்டுத்தான் கூட்டுவார்கள். ஆகவே ஒரு துறையில் தடுமாறினாலும் பயமில்லை. இரண்டில் தடுமாறக் கூடாது. உணவு, உடை போன்றவை வரும் வாழ்க்கைமுறைத் துறையை ஒதுக்குகிறவர்கள் விளையாட்டுத் துறையையும் ஒதுக்கினால் மாட்டிக்கொள்வார்கள். பிழைவிட்ட கேள்விகளுக்கு ஒரு கொப்பி போடு. அடுத்த நாள், மூன்றாம் நாள், ஒரு கிழமை கழித்து என்று விடையை மூடிவைத்துக்கொண்டு உன்னையே கேட்டுப் பார்.

முதல் 12 கேள்வி முடிந்ததும் அனுப்பு. விடையை எழுதாமல் அனுப்பு. நான் எழுதித் தரும் விடையும் உன் விடையும் எங்கே வேறுபடுகிறதோ, அந்தக் கேள்வியைத்தான் நாம் முதலில் இருந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அண்ணா