உன் அறையின் காற்றுக் கணக்கு

பாளையங்கோட்டை
ஞாயிறு மாலை

அன்பு மகள் கயல்விழிக்கு,

நீ தோக்கியோவில் புது வீட்டுக்குக் குடிபோன நாளிலிருந்து உன் அம்மா ஒவ்வொரு முறையும் சாப்பாட்டைப் பற்றித்தான் முதலில் கேட்கிறாள். நான் கேட்க நினைத்து, நீ சிரிப்பாய் என்று கேட்காமல் விட்டது காற்றைப் பற்றி. 34 ஆண்டுகள் இயற்பியல் நடத்தியவனுக்குப் பேசுவதைவிடத் தாளில் கணக்குப் போட்டுக் காட்டுவது எளிது என்பதால் இந்தக் கடிதம்.

உன் வீடு ஒரே அறை, 20 சதுர மீட்டர். நம் கணக்கில் 215 சதுர அடி. உயரம் 2.4 மீட்டர் என்றாய். ஆக, அலமாரி அடைத்துக்கொண்டதைக் கழிக்காமலே உள்ளே இருப்பது 48 கன மீட்டர் காற்று. உறங்குகிற ஒருவர் மணிக்குச் சுமார் 12 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். கசிவே இல்லை என்று வைத்துக்கொண்டால், அது உன் அறையில் மணிக்குப் பத்து லட்சத்தில் 250 பங்கு வீதம் ஏறும். வெளிக்காற்றில் இருப்பது ஏறத்தாழ 420. படுத்த இரண்டரை மணி நேரத்துக்குள் 1000-ஐத் தாண்டி, நீ எழும்போது 2000-க்கு மேல் நிற்கும். ஜப்பானில் பெரிய கட்டடங்களுக்கு வைத்திருக்கும் வரம்பே 1000தான். காலையில் தலை கனக்கிறது என்று நீ சொன்னதற்கு வேலைப்பளு மட்டும் காரணமாக இராது.

குளியலறைக் கூரையில் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த விசிறியை, குளிர் வருகிறது, சத்தம் போடுகிறது என்று நிறுத்திவிட்டதாகச் சொன்னாயே, அதுதான் என்னை எழுத வைத்தது. அந்த நாட்டின் கட்டடச் சட்டம் 2003 ஜூலை முதல் புதிய வீடுகளில் அத்தகைய 24 மணி நேரக் காற்றோட்டத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது; இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அறைக்காற்று முழுவதும் மாறும் அளவு ஓட வேண்டும். அதைக் கணக்கில் சேர்த்தால் அளவு 920 அருகே வந்து நின்றுவிடுகிறது. சட்டம் எழுதியவர்கள் கணக்கும் போட்டிருக்கிறார்கள்! ஆகவே விசிறியை இன்றே ஓடவிடு.

கைப்பேசியோடு இணையும் கருவிகள் வாங்கப் போவதாக நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். அவற்றில் பாதி, பல அறைகள் உள்ள வீட்டுக்காக யோசிக்கப்பட்டவை. கட்டிலில் இருந்தபடியே கைக்கெட்டும் விளக்குக்குக் குரல் கட்டளை எதற்கு? முதலில் கரியமில வாயு அளக்கும் கருவி ஒன்று வாங்கு. மலிவான சில கருவிகள் அந்த வாயுவை அளப்பதே இல்லை, வேறு ஆவிகளை முகர்ந்து ஊகித்த எண்ணைக் காட்டுகின்றன. அகச்சிவப்பு ஒளியால் அளப்பது என்று குறிப்பிட்டிருப்பதையே எடு. சுவரில் ஆணி அடிக்காமல், ஏசி ரிமோட்டின் சைகையைக் கற்றுக்கொண்டு தானே அனுப்பும் சிறு பெட்டியும் வாடகை வீட்டுக்கு உகந்ததே. அங்கே ஏசி வெப்பமும் தருவதால், வழியிலேயே கைப்பேசியில் சொன்னால் மாலையில் வந்து சேர்வதற்குள் அறை சூடாகியிருக்கும்.

கேமரா வேண்டாம். நம் வீட்டில் வாசலில் வைத்தால் அது வாசலை மட்டும் பார்க்கும். உன் வீட்டில் எங்கு வைத்தாலும் கட்டிலைப் பார்க்கும். 2016இல் மிராய் என்ற தீங்கு செய்யும் நிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரூட்டர்களையும் லட்சக்கணக்கில் வசப்படுத்தி, பெரிய இணையதளங்களையே முடக்கியது. 2019 முதல் ஜப்பான் அரசு அத்தகைய எளிய கடவுச்சொல் கொண்ட கருவிகளைத் தானே தேடிக் கண்டுபிடித்து, உரியவர்களுக்கு எச்சரிக்கை அனுப்புகிறது. அப்படியொரு கடிதம் உன் பெயருக்கு வரக் கூடாது. எது வாங்கினாலும் முதல் வேலை கடவுச்சொல்லை மாற்றுவது.

கைப்பேசியால் திறக்கும் உன் கதவுப் பூட்டைப் பற்றி நீ அம்மாவிடம் சொல்லாததை நானும் சொல்லவில்லை. குப்பை போட இறங்கிய ஐந்து நிமிடத்தில் கதவு தானே பூட்டிக்கொள்ள, கைப்பேசி உள்ளே கிடக்க, செருப்போடு நீ குளிரில் நின்ற அந்த இரவை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. அந்தத் தானியங்கிப் பூட்டலை நிறுத்திவிடு; சாவி ஒன்றை அலுவலக மேசையில் வை.

உன் வீட்டிலேயே ஒரு நல்ல கருவி முன்பே இருக்கிறது: எரிவாயு மீட்டர். நிலநடுக்கத்தில் அந்த இடத்து அதிர்வு ஜப்பானிய அளவில் 5-ஐத் தொட்டால் அது வாயுவைத் தானே அடைத்துவிடும்; அதற்கு வைஃபையும் வேண்டாம், செயலியும் வேண்டாம். மறுபடி திறக்க, அடுப்பையும் வெந்நீர்க் கருவியையும் அணைத்துவிட்டு, மீட்டரின் பொத்தானை அழுத்தி மூன்று நிமிடம் பொறுக்க வேண்டும். பொத்தான் எங்கே என்று பகல் வெளிச்சத்தில் பார்த்துவை.

கருவி வந்ததும், விசிறியை ஓட விட்டு மூன்று நாள், காலையில் சன்னலைத் திறப்பதற்கு முன் அது காட்டும் எண்ணை அனுப்பு. வரைபடத் தாள் என்னிடம் இன்னும் மிச்சமிருக்கிறது.

அன்புடன்,
அப்பா