கேமராவின் எடையைக் குறைத்த ஆசிரியர்: ஒரு கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

காட்சித் தொடர்பியல் துறையில் விரிவுரையாளராகச் சேரப் போவதாக எழுதியிருந்தாய், மனம் நிறைந்தது. ஆனால் வகுப்பறைக்குள் போய்விட்டால் இனி ஆவணப்படம் எடுக்கவே முடியாமல் போய்விடுமோ என்று அதே கடிதத்தில் கலங்கியிருந்தாய். அதற்கு என் பதிலாக, ஆவணப்பட இயக்குநரும் ஆசிரியருமான ரிச்சர்ட் லீகாக்கின் வாழ்க்கையைச் சொல்ல விரும்புகிறேன். உன்னைப் போலவே தயங்கி நிற்கும் மற்றவர்களுக்கும் பயன்படலாம் என்பதால் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

1921இல் லண்டனில் பிறந்து, கேனரித் தீவுகளில் தந்தையின் வாழைத்தோட்டத்தில் வளர்ந்தவர் லீகாக். பின்னர் இங்கிலாந்தில் படித்தபோது, வாழை எப்படி விளைகிறது என்பதைப் பள்ளித் தோழர்களுக்குக் காட்டுவதற்காகவே 14 வயதில் ஒரு மௌனப்படம் எடுத்தார். ஹார்வர்டில் அவர் தேர்ந்தெடுத்த பாடமோ இயற்பியல். கேமராவை இயக்கத் தெரிந்தால் போதாது, அது இயங்கும் விதமும் தெரியவேண்டும் என்ற அந்த எண்ணத்தை அவருடைய வாழ்க்கை முழுவதிலும் காணலாம்.

இரண்டாம் உலகப் போரில் பர்மாவிலும் சீனாவிலும் படப்பதிவாளராகப் பணியாற்றித் திரும்பியவரை, ஆவணப்பட முன்னோடி ராபர்ட் ஃபிளாஹர்ட்டி தம்முடைய 'லூசியானா ஸ்டோரி' (1948) படத்துக்கு ஒளிப்பதிவாளராக அழைத்துக்கொண்டார். சிறிய கேமராவோடு ஒலி இல்லாமல் எடுத்த நாட்களில் மேகம் நகர்ந்தாலும் சிலந்தி வலை பின்னினாலும் உடனே அதன் பின்னால் போக முடிந்தது. உரையாடலைப் பதிவுசெய்ய வேண்டிய நாட்களில் கனமான கருவிகள் வந்து இறங்கின. அந்தச் சுதந்திரம் அத்தோடு நின்றுபோயிற்று. மனிதர்கள் பேசத் தொடங்கும் கணத்தில் கேமரா ஏன் முடமாக வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை காண அவருக்குப் பத்தாண்டுகளுக்கும் மேல் ஆயிற்று.

சிக்கல் இயற்பியல் சார்ந்தது. கேமராவும் ஒலிப்பதிவுக் கருவியும் துளியும் பிசகாமல் ஒரே வேகத்தில் ஓடினால்தான் உதட்டசைவும் குரலும் பொருந்தும். அதற்காக இரண்டையும் கம்பியால் பிணைக்க வேண்டியிருந்தது. அந்தக் கம்பியை அறுக்க, லீகாக்கும் தயாரிப்பாளர் ராபர்ட் ட்ரூவின் குழுவினரும் நொடிக்கு 360 முறை அதிரும் இசைக்கவை கொண்ட கைக்கடிகாரத்தின் நுட்பத்தைப் பயன்படுத்தினார்கள். அமெரிக்க அதிபர் வேட்பாளராவதற்கான கட்சித் தேர்தலில் கென்னடியும் ஹம்ஃப்ரியும் விஸ்கான்சின் மாநிலத்தில் மோதியதைக் காட்டும் 'பிரைமரி' (1960) இந்தக் குழுவின் படம்தான். முக்காலி கூடாது, விளக்கு கூடாது, பேட்டி கூடாது, எதையும் திரும்பச் செய்யும்படி யாரையும் கேட்கக் கூடாது என்பவை அவர்கள் தமக்கே விதித்துக்கொண்ட கட்டுப்பாடுகள்.

கடைசி விதியைப் படித்தபோது எனக்குக் குற்றவுணர்வு வந்தது. வெளிச்சம் போதவில்லை என்பதற்காக ஒரு மூதாட்டியை அடுப்பை அணைத்து மறுபடியும் பற்றவைக்கச் சொன்னவன் நான். முகம் சுளிக்காமல் செய்தார். ஆனால் அதற்குப் பிறகு அன்று முழுவதும் ஒவ்வொரு வேலைக்கும் முன் என் முகத்தைப் பார்த்தார்.

1963இல் தெற்கு டகோட்டாவின் அபர்டீன் நகரில் ஒரே பிரசவத்தில் ஐந்து குழந்தைகள் பிறந்தன. அதைப் படமெடுக்கச் சென்ற லீகாக்கும் இயக்குநர் ஜாய்ஸ் சோப்ராவும் குழந்தைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அந்தப் பிறப்பை வைத்து ஊருக்கு என்ன ஆதாயம் கிடைக்கும் என்று கணக்குப் போட்ட பெரியவர்களையும், நடுவே திணறிய குடும்பத்தையும் பார்த்தார்கள். தொலைக்காட்சி நிறுவனம் தனக்கென வேறொரு வடிவத்தை ஒளிபரப்பியது. அவர்கள் தொகுத்த 'ஹேப்பி மதர்ஸ் டே' படம் இன்றும் நிற்கிறது.

இவ்வளவும் செய்தவர்தான் 1960களின் முடிவில் ஆவணப்பட இயக்குநர் எட் பிங்கஸுடன் சேர்ந்து அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் திரைப்படப் பிரிவைத் தொடங்கினார். படம் எடுப்பதை விட்டு ஒதுங்கினார் என்று சிலர் இதைச் சொல்வதை நான் ஏற்கவில்லை. வீட்டுக் கொண்டாட்டங்களைப் படம்பிடிக்கும் சூப்பர்-8 கேமராவோடு ஒலியையும் இணைத்து, பணம் படைத்த நிறுவனங்களின் தயவில்லாமல் எவரும் படம் எடுக்கலாம் என்ற நிலையை உருவாக்க அங்கே உழைத்தார். லூசியானாவில் எழுந்த கேள்விதான் இதுவும். முதலில் எடையைக் குறைத்தவர், இப்போது விலையைக் குறைக்க முயன்றார்.

அவரிடம் படித்த ராஸ் மெக்எல்வீ, 'ஷெர்மன்ஸ் மார்ச்' (1986) படத்தில் தோளில் கேமராவோடு தனியாளாகச் சென்று, எதிரில் இருப்பவரோடு பேசி, தன் காதல் தோல்விகளையே படமாக்கினார். ஓரமாக நின்று பார்க்கச் சொன்ன ஆசிரியரின் விதிக்கு இது நேர் எதிரானது. விதியை மீறுவதற்கான கருவியையும் துணிவையும் அந்த வகுப்பறையே தந்தது என்பதால், லீகாக்கின் படங்கள் சிலவற்றைவிட இதையே பெரிய சாதனையாகக் கருதுகிறேன்.

ஓய்வுக்குப் பின் லீகாக் பாரிஸில் குடியேறி, வலேரி லலோந்துடன் சேர்ந்து கையடக்க வீடியோ-8 கேமராவில் ஒரு முழுநீளப் படம் எடுத்தார். 1991இல் அது வெளிவந்தபோது அவருக்கு வயது 70. அந்தப் பிரெஞ்சுத் தலைப்பின் பொருளே அரைவேக்காட்டு முட்டை என்பதுதான். 2011 மார்ச்சில் அதே நகரில் காலமானார்.

முதல் வாரம் என்ன நடத்துவது என்று கேட்டிருந்தாய். 'ஹேப்பி மதர்ஸ் டே'யைத் திரையிடு. அரை மணி நேரம்கூட ஆகாது. ஊர்வலத்தில் மழை கொட்டும் இடத்தில் நிறுத்தி, அப்போது கேமரா எங்கே நின்றிருக்கும் என்று மாணவர்களைக் கரும்பலகையில் வரையச் சொல். அடுத்த நாள் கைப்பேசியோடு அவர்களை வெளியே அனுப்பு. நீயும் ஒன்றை எடுத்துக்கொண்டு கூடவே போ.

அன்புடன்,
அண்ணன்