பண்பிலாளனுக்கு விளக்கேற்றுகிறவன் எழுதுவது

அன்புள்ள மருமகனே,

தாத்தா திதியன்று பந்தியில் வைத்து, "சுனாமியைப் பார்த்த பிறகும் சாமி கும்பிடுகிறவனுக்கு மூளை இருக்கா மாமா?" என்று கேட்டாய். உன் அம்மா முறைத்த முறைப்பில் பேச்சு நின்றுபோனது. மூளையோடுதான் கும்பிடுகிறேன் என்று நினைக்கிறேன். ஆனால் எல்லாவற்றுக்கும் விளக்கம் கிடைத்துவிட்டது என்பதால் அல்ல.

தீமையைத் தடுக்காத கடவுள் என்ன கடவுள் என்று கேட்டதாகச் சொல்லப்படும் பழைய கிரேக்க ஞானி எபிக்யூரஸை நீ இழுத்தாய். அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஒரு வீட்டில் சாவுப்பறை, இன்னொரு வீட்டில் மணமுழவு. இப்படி ஓர் உலகைப் படைத்தவன் "பண்பிலாளன்" என்று புறநானூறு 194ஆம் பாட்டில் பக்குடுக்கை நன்கணியார் திட்டியாயிற்று. பிச்சையெடுத்துத்தான் ஒருவன் வாழவேண்டும் என்றால் உலகைப் படைத்தவன் "பரந்து கெடுக" என்று வள்ளுவர் சாபமே விட்டார். உன் கோபம் நம் வீட்டுக் கோபம்தான்.

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிறு. வேளாங்கண்ணியில் பேராலயத்துக்குள் தண்ணீர் வரவில்லை, கடற்கரையில் நின்ற பக்தர்களை அலை கொண்டுபோனது. அதை அற்புதம் என்று சொன்னவர்கள் உண்டு. வெளியே செத்தவர்களும் மாதாவைப் பார்க்க வந்தவர்கள்தானே? இதைவிட மோசம், "முன்வினை" என்ற பதில். கர்மக் கொள்கையை மடங்களில் உட்கார்ந்து விவாதிக்கட்டும். பிள்ளையைப் பறிகொடுத்தவள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல ஒருவனுக்கும் வாய் வரக்கூடாது.

1755 நவம்பர் 1, புனிதர் அனைவர் திருநாளன்று, ஜனங்கள் பூசையில் இருந்தபோது போர்ச்சுகலின் லிஸ்பனில் பூகம்பம். கடவுளின் நல்லேற்பாடு இதுதானா என்று பிரெஞ்சு எழுத்தாளர் வோல்தேர் கவிதையில் கேட்டார். ஆறேழு மாடி வீடுகள் இருபதாயிரத்தை அங்கே நெருக்கிக் கட்டியது இயற்கையா என்று அவர் காலத்துச் சிந்தனையாளர் ரூசோ திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்வி நமக்கும் குத்தும். 2004இல் இந்தோனேசியாவின் சுமத்ரா அருகே நிலம் குலுங்கியது நம் நேரப்படி காலை ஆறரைக்கு. நம் கரைக்கு அலை வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதுவரை கரையில் பெரும்பாலோருக்கு யாரும் சொல்லவில்லை. அப்போது இந்தியப் பெருங்கடலுக்குச் சுனாமி எச்சரிக்கை ஏற்பாடே இல்லை. ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் வந்தது 2007இல். நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்களே, அதில் எத்தனை பேர் சாமி கணக்கு, எத்தனை பேர் நம் கணக்கு?

சரி, நீ விடமாட்டாய். சுமத்ராவின் வடமுனையில் அலை அரைமணிக்குள் வந்துவிட்டது. அங்கே எந்த மையம் இருந்து என்ன? மனிதனுக்குக் கொடுத்த சுதந்திரத்தின் விலை என்ற சமாதானமும் அங்கே எடுபடாது, நிலத்தட்டுக்கு ஏது விருப்பம்? எல்லாம் வல்லவனுக்கு வேறு வழி தெரியாதா என்று கேட்பாய். நானும் தினமும் விளக்கேற்றும்போது அதைத்தான் கேட்கிறேன்.

எனக்குக் காரணம் புலப்படவில்லை என்பதால் காரணமே இருக்க முடியாது என்றாகிவிடாது. மெல்லிய நூல்தான், ஒத்துக்கொள்கிறேன். அதை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால் நான் எப்போதோ விழுந்திருப்பேன். என்னைப் பிடித்து வைத்திருப்பது உன்னுடைய அந்தக் கோபம். "இது நடந்திருக்கக் கூடாது" என்கிறாயே, எல்லாம் வெறும் பாறையும் தண்ணீரும் என்றால் அந்தக் "கூடாது" எங்கிருந்து வந்தது? பரிணாமம் என்பாய். எனக்கு அது போதவில்லை. உனக்குப் போதுமென்றால் உன்னை முட்டாள் என்று சொல்லமாட்டேன், அதே மரியாதையை எனக்கும் கொடு. நன்கணியாரையும் பார், திட்டுவதற்கு அங்கே ஓர் ஆள் இருக்கிறான் என்று எண்ணித்தானே திட்டுகிறார்.

டிசம்பர் 26 வந்தால் நாகைக் கரையோரத்தில் கடலில் பால் ஊற்றிப் பூத்தூவுகிறார்கள். கொன்ற கடலுக்கே பால். மறுநாள் அதே கடலுக்குப் படகு போகிறது. இந்த வருஷம் லீவு கிடைத்தால் வா, நாகை பக்கத்து மீனவர் ஊரான அக்கரைப்பேட்டைக்குப் போவோம். மிச்சச் சண்டையை பஸ்ஸில் போட்டுக்கொள்ளலாம். அம்மாவிடம் சொல்லாதே.

அன்புடன்,
மாமா