பொந்துவாஸிலிருந்து தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

சுகமாக இருக்கிறாயா? ஹீட்டரைப் போட்டுக்கொண்டு படு, கரண்ட் காசைப் பார்க்காதே. நீ அனுப்பின காசு வந்தது. அதோடு ஒரு வரி எழுதியிருக்கலாம். சின்ன மாமியோடு கதைக்க உனக்கு நேரம் இருக்கிறதாம், அவதான் புது வேலை கிடைத்ததைச் சொன்னா. வேறு ஒன்றும் சொன்னா. அது பிறகு.

அக்காவின் மகன் நடக்கத் தொடங்கிவிட்டான்.

மாதத்தின் முதல் ஞாயிறு பாரிஸ் ஓர்சே மியூசியத்துக்கு டிக்கெட் இல்லை என்று நீதானே காட்டித் தந்தாய். இந்த மாதமும் தனியத்தான் போனேன். நேரே ஓவியர் பிசாரோவின் உறைபனிப் படத்துக்கு முன்னால் போய் நின்றேன். 1873இல் எங்கட பக்கத்து என்னெரியில் கீறினது. ஒரு கிழவர் விறகுக் கட்டைச் சுமந்துகொண்டு நடக்கிறார். உழுத வயலுக்குக் குறுக்கே நீட்டு நீட்டாக நிழல். அந்த நிழலுக்குரிய மரங்கள் படத்துக்குள் இல்லை. முன்பு நீதான் அதைக் காட்டினாய். "அம்மா, மரம் எங்கை நிக்குது, தேடுங்கோ" என்றாய். எனக்கு அப்போது விளங்கவில்லை. இப்போது எத்தனை தரம் பார்த்தாலும் போதாது.

அடுத்த வருசம், 1874 ஏப்ரல் 15இல், போட்டோக்காரர் நதாரின் பழைய ஸ்டூடியோவில் மொனே, தெகா என்ற ஓவியர்களின் படங்களோடு சேர்த்து இதையும் தொங்கவிட்டார்கள். நிறம் கலக்கிற பலெட்டைச் சுரண்டி அழுக்குத் துணியில் அப்பினது மாதிரி இருக்கிறது என்று விமர்சகர் லுருவா பேப்பரில் எழுதினார். வெளியே நிற்கிற மரத்தின் நிழலைக் கீறியது பிழை என்று இன்னொருவர். பிசாரோவுக்கு அப்போது என்ன நிலைமை தெரியுமா? கண்காட்சி திறக்கச் சில நாளுக்கு முன்னர்தான் மகளைப் பறிகொடுத்திருந்தார். அதற்குப் பிறகும் விடவில்லை. 1886 வரைக்கும் அந்தக் கூட்டம் வைத்த எட்டுக் கண்காட்சியிலும் படம் வைத்தவர் பிசாரோ ஒருவர்தான்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு. கடைச் சாப்பாட்டில் கிடக்காதே.

எல்லாரும் பிசாரோவைத்தான் கதைக்கிறார்கள். நான் ஜூலியை நினைக்கிறனான். பிசாரோவின் தாய் வீட்டில் வேலைக்கு நின்றவ. பிறகு அவரையே கட்டி, பிள்ளைகளுக்காகக் கோழியும் முயலும் வளர்த்து, மரக்கறித் தோட்டம் போட்டு, கடன்காரருக்கும் பதில் சொன்னவ. மூத்தவன் லூசியேன் உழைக்கவேணும் என்று ஜூலி நின்றா. அவன் கீறட்டும் என்று புருசன் நின்றார். நான் இன்றைக்கும் ஜூலியின் பக்கம். உன்னை வேலைக்குப் போ என்று சொன்னது நான்தான், திரும்பவும் சொல்லுவேன். வாடகை ஆர் கட்டுறது?

ஆனால் படம் கீறுகிற ஈசல் ஸ்டாண்டை ஆருக்கும் தூக்கிக் குடு என்று நான் எப்போதாவது சொன்னேனா, தம்பி? அந்தக் கலரிக்காரர் உன்ர படங்களைத் திருப்பி அனுப்பினதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. நீ சொன்னால் கேட்பேன். நீ கீறின உவாஸ் பாலம் இன்னும் எங்கட ஹோலில்தான் தொங்குது. வருகிற ஆக்கள் எல்லாரும் கேட்கிறார்கள். என்ர மகன் கீறினது என்று சொல்லுகிறேன், அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்லுகிறேன்.

பிசாரோ 1870இல் பிரான்ஸ்-புருசியா சண்டைக்குப் பயந்து லூவ்சியேன் என்ற ஊரில் இருந்த வீட்டை விட்டு லண்டனுக்கு ஓடினவர். வயது 40. வீட்டில் ஏறத்தாழ 1,500 படம். புருசியப் பட்டாளம் அதற்குள் இருந்துகொண்டு, சேறு மிதிக்காமல் நடக்கப் படங்களை நிலத்தில் விரித்தார்களாம். திரும்பி வந்தபோது 40 அளவில்தான் மிஞ்சிக் கிடந்தது. வீட்டை விட்டு வெளிக்கிடுகிறது என்னவென்று எனக்குத் தெரியும், அப்பாவுக்கும் தெரிந்திருந்தது. லண்டனிலும் ராயல் அகாதெமி அவருடைய படங்களை எடுக்கவில்லை. வந்து, பொந்துவாஸில் குடியேறி, திரும்பத் தொடங்கினார். அந்த உறைபனி அதற்குப் பிறகு கீறினது. நீ வைத்திருந்தது 30 படம்கூட இல்லை, ஒன்றும் எரியவுமில்லை, எல்லாம் என்ர அலுமாரிக்குப் பின்னால் பத்திரமாக இருக்கு.

லூசியேனும் உன்னைப் போல லண்டனுக்குத்தான் போனான். 1890இல் அங்கேயே இருந்துவிட்டான். தகப்பன் சாகும் வரைக்கும் எழுதிக்கொண்டே இருந்தார். கீறு, கீறு என்று ஓயாமல் சொன்னவர். மகன் ஒரு கடிதத்தையும் எறியவில்லை. பதிலும் எழுதினான். 1894இல் சொந்த அச்சகம் தொடங்கி, அதற்குத் தகப்பனின் ஊர் எராஞியின் பெயரை வைத்தான். வயிற்றுப் பிழைப்பையும் பார்த்தான், கையையும் விடவில்லை.

ட்ரஃபால்கர் சதுக்கத்து நேஷனல் கலரிக்கும் டிக்கெட் இல்லைத்தானே. ஃபாக்ஸ் ஹில், அப்பர் நொர்வூட் என்று ஒரு பனிப் படம் அவர்களிடம் இருக்கு, அந்த ஓடிப்போன 1870இல் கீறினது. சில நேரம் கழற்றி வைத்திருப்பார்கள், நிற்கிறவர்களிடம் கேட்டுப் பார். ஓர்சேயில் நிழலுக்குள் நீலம் கிடக்கிறதை நான் வடிவாகப் பார்த்துவிட்டேன். நொர்வூட் பனிக்குள்ளும் அந்த நீலம் இருக்கா, அல்லது அப்போது அவருக்கு அது வரவில்லையா? இதை என்னால் வேறு ஆரிடமும் கேட்க ஏலாது. அடுத்த முதல் ஞாயிறுக்கு முன்னம் எழுது. போனில் வேண்டாம், எழுது. பக்கத்தில் சின்னதாகக் கீறிக் காட்டினால் எனக்கு இன்னும் விளங்கும்.

ஈசல் விசயம் நான் கேட்டேன் என்று மாமியிடம் சொல்லாதே.

அம்மா