சரிந்த மலையின் மேல் ஓர் ஊர்

ரோக்ஃபோர்-சூர்-சூல்சோன்,
பிப்ரவரி மாதம்.

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் சுகம். பெரியம்மாவுக்கு முட்டிவலி குறைந்ததா என்று தம்பியை எழுதச் சொல்லுங்கள்.

நான் வந்து சேர்ந்த ஊர் எங்கே இருக்கிறது, எதை வைத்துப் பிழைக்கிறது, அங்கே அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். சுருக்கமாகச் சொன்னால், சரிந்த மலைக்குள் இருக்கும் குகைகளில் சீஸ் என்ற பாலாடைக்கட்டியை முதிரவைத்துப் பிழைக்கும் ஊர் இது. கொம்யூன் என்றால் என்ன என்று நெடுங்காட்டுக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. 1880 மார்ச் 12-ஆம் தேதி ஆணையால் புதுச்சேரி, காரைக்கால் பக்கம் ஏற்படுத்திய அதே கொம்யூன்தான். நம்மிடம் அது கொம்யூன் பஞ்சாயத்தாக நிற்கிறது, இங்கே மேர் என்ற ஊர்த்தலைவரும் அவருடைய மன்றமுமாக நடக்கிறது. பிரான்ஸ் முழுக்க ஏறத்தாழ 35,000 கொம்யூன்கள். அதில் பெரும்பாலானவை நம் ஒரு தெரு அளவு ஜனத்தொகை உள்ளவை. இந்த ஊரிலும் அறுநூறு பேர் தேறமாட்டார்கள். ஆனாலும் பிறப்பு இறப்புப் பதிவு, கல்யாணப் பதிவு, வீடு கட்ட அனுமதி, ஊர்ச்சாலை, எல்லாம் மேர் அலுவலகத்தில்தான்.

தெற்கு பிரான்சில் அவேரோன் மாவட்டம். வடகிழக்கே மியோ நகரம் சுமார் 25 கிலோமீட்டர், மேற்கே சேந்தாஃப்ரிக் அதில் பாதி தூரம். மியோ என்றால் உலகுக்குத் தெரிந்தது 2004 டிசம்பரில் திறந்த பாலம். 343 மீட்டர் உயரம். அந்தப் பாலத்துக்குத் தெற்கே லார்ஸாக் என்ற சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம் தொடங்குகிறது. மழை பெய்தாலும் மேலே தண்ணீர் நிற்காது, கல்லின் வெடிப்பு வழியே கீழே போய்விடும். ஆறு இல்லை, ஏரி இல்லை. ஆடு குடிக்க வேண்டுமே என்று பள்ளமான இடத்தில் வட்டமாகக் கல் பாவி மழைநீரைத் தேக்கி வைத்திருக்கிறார்கள். நெல்லுக்கும் கோதுமைக்கும் ஒத்துவராத நிலம், புல்லும் புதரும்தான். அதனால் செம்மறி. வேறு வழி கிடையாது. இந்த மேய்ச்சல் நிலங்களை 2011-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

அந்த மேட்டுநிலத்திலிருந்து பிரிந்து தனியே நிற்கும் ஒரு மேசைமலைதான் கோம்பலு. எங்கள் ஊர் அதன் வடபுறச் சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வடக்குப் பார்த்த சரிவு, பின்னால் செங்குத்துப் பாறை. குளிர்காலத்தில் வெயில் கொஞ்சம்தான் கிடைக்கும். வீடு கட்ட இதைவிட மோசமான இடத்தைத் தேடினாலும் கிடைக்காது. அப்படியிருந்தும் ஏன் இங்கே ஊர் வந்தது என்பதுதான் சொல்ல வேண்டிய விஷயம்.

மலையின் மேல்பகுதி கனமான சுண்ணாம்புக்கல். அதன் அடியில் களிப்பாறை. மேலே விழும் மழை கல்லைத் துளைத்துக்கொண்டு இறங்கி, களிமண்ணை எட்டியதும் நின்றுவிடும், ஏனென்றால் களிமண் தண்ணீரை விடாது. ஊறிய களிமண் வழுக்கும். வழுக்கும் அடித்தளத்தின் மேல் இருந்த மலை விளிம்பு பெரும் பாளங்களாகப் பிளந்து கீழே சரிந்தது. சரிந்த பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏடாகூடமாகக் கிடக்க, நடுவில் பெரிய பெரிய வெற்றிடங்கள் உண்டாயின. அவைதான் இந்த ஊரின் குகைகள். சுமார் இரண்டு கிலோமீட்டர் நீளம், முந்நூறு மீட்டர் அகலத்துக்கு அந்த இடிபாடு கிடக்கிறது. ஊர் நிற்பது அதன் மேல்.

இதே வகைக் களிப்பாறை வழியாகப் பக்கத்து ஊர் தூர்ன்மீரில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் சுரங்கம் தோண்டினார்கள், ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். ரயில் நின்றுபோன பிறகு அணுக்கழிவைப் புதைக்கத் தோதான பாறை எது என்று ஆராய்கிறவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். தண்ணீரை விடாத குணம்தான் அவர்களுக்கும் வேண்டியது.

இடிபாட்டின் உள்ளே மலையின் வெடிப்புகள் நீண்ட புகைபோக்கிகளாக மேலே வரை ஓடுகின்றன. இங்கே அவற்றை ஃப்ளரீன் என்பார்கள். வெளியே குளிர் கூடும்போது உள்ளே இருக்கும் காற்று ஒப்பீட்டில் சூடு. அது மேலேறி வெளியேற, கீழ்ப்புறமிருந்து புதுக்காற்று உள்ளே வரும். கோடையில் தலைகீழ்: மேலிருந்து இறங்கும் காற்று ஈரப்பாறையை உரசி உரசிக் குளிர்ந்து குகைக்கு வந்து சேரும். மின்சாரம், இயந்திரம் எதுவுமில்லாமல் வருடம் முழுக்க 8 முதல் 12 டிகிரி, ஈரப்பதம் 95 விழுக்காட்டை ஒட்டி. ஒவ்வொரு ஃப்ளரீனின் வாயிலும் ஒரு கதவு உண்டு. எதை எவ்வளவு திறப்பது, எப்போது அடைப்பது என்பது குகை மேலாளரின் வேலை. காற்று அதிகம் போனால் சீஸின் மேல்புறம் காய்ந்து வெடிக்கும். அடைத்தே வைத்தால் ஈரம் கோத்துக்கொண்டு வேண்டாத பூஞ்சணம் ஏறும். கணக்கு எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள்தான், ஆனாலும் அனுபவஸ்தர் முகத்தில் காற்றுப் படுவதை வைத்தே முடிவெடுக்கிறார்.

ஆம், சீஸ். ஊர்ப்பெயரே அதன் பெயர். நீலப்பச்சைப் பூஞ்சணம் ஓடிய ரோக்ஃபோர் சீஸைப் புதுச்சேரிக் கடைகளில் பார்த்திருப்பீர்கள். ஒரு ஆட்டிடையன் ரொட்டியையும் சீஸையும் குகையில் வைத்துவிட்டு ஒரு பெண் பின்னால் போனான், திரும்பி வந்தபோது பூஞ்சணம் பிடித்திருந்தது என்று வருகிற சுற்றுலாக்காரர்களிடம் கதை சொல்வார்கள். கதை கதைதான். ரோமானியர் காலத்து எழுத்தாளர் பிளினி இந்தப் பக்கத்துச் சீஸைப் புகழ்ந்தது உண்மை, அது இந்தச் சீஸ்தான் என்பதற்கு ஆதாரமில்லை.

பாலிலிருந்து தொடங்குகிறேன், உங்களுக்கு அதுதான் பிடிக்கும். அறுவடைக்குப் பின் நம் வயலில் கிடை போட வரும் கீதாரிகளின் செம்மறிகளில் யாரும் பால் கறந்து பார்த்ததில்லை. அவை புழுக்கைக்கும் கறிக்கும். இங்கே லக்கோன் என்று ஓர் இனம், தலையிலும் வயிற்றிலும் உரோமமே இருக்காது. ரோக்ஃபோருக்கு இந்த ஆட்டின் பால் மட்டும்தான் சட்டப்படி செல்லும். குட்டி ஒரு மாதம் போலக் குடித்த பிறகுதான் கறவை. டிசம்பரிலிருந்து ஜூலை வரை பால், பிறகு ஓய்வு. தீனியில் முக்கால் பங்காவது பண்ணையைச் சுற்றியே விளைந்திருக்க வேண்டும், புல் இருக்கும் காலத்தில் ஆட்டை வெளியே மேய விட்டாக வேண்டும்.

பாலைக் காய்ச்சக்கூடாது, கொழுப்பை எடுக்கக்கூடாது. கடைசியாகக் கறந்ததிலிருந்து 48 மணி நேரத்துக்குள் உறை சேர்க்க வேண்டும். உறை என்றால் நம் மோர் இல்லை, ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட். 28 முதல் 34 டிகிரி சூட்டில் பால் கெட்டியாகும். அதைக் கனசதுரமாக வெட்டி, கிளறி, நீர் வடித்து, வட்ட அச்சில் நிரப்புவார்கள். அழுத்தவே மாட்டார்கள்! நிறையப் பேர் கவனிக்காதது இது. அழுத்தினால் உள்ளே இடைவெளி போய்விடும், பூஞ்சணத்துக்கு மூச்சு விட இடமிருக்காது, சீஸ் வெள்ளையாகவே நின்றுவிடும். ஒரு வட்டம் இரண்டரை முதல் மூன்று கிலோ, அதற்கு ஏறத்தாழ 12 லிட்டர் பால்.

பூஞ்சணத்தின் பெயர் பெனிசிலியம் ரோக்ஃபோர்ட்டி. பெரிய ரை-கோதுமை ரொட்டிகளை வேண்டுமென்றே மேலோடு கருகச் சுட்டு, குகையில் ஆறு எட்டு வாரம் வைத்தால் உள்ளே முழுக்கப் பச்சை பிடிக்கும். உலர்த்திப் பொடித்தால் வித்து. இன்றைக்கும் ரொட்டி சுடும் நிறுவனம் உண்டு, மற்றவர்கள் ஆய்வகத்தில் திரவமாக வளர்க்கிறார்கள். பாலிலோ அச்சில் இடும்போதோ இதைச் சேர்ப்பார்கள்.

அடுத்தது உப்பு. கல்லுப்பைப் பக்கமெல்லாம் தேய்த்துச் சில நாள் ஊறவிட வேண்டும். உப்புக் குறைந்தால் கெட்ட கிருமி முந்திக்கொள்ளும், கூடினால் பூஞ்சணமே தயங்கும். பிறகு ஊசிப்பலகையால் ஒவ்வொரு வட்டத்தையும் ஒரே அமுக்கில் நாற்பது போல ஓட்டை குத்துவார்கள். உள்ளே புளிப்பில் உண்டான கரியமிலவாயு வெளியே போகவும் குகைக்காற்று உள்ளே போகவும் இந்த வழி. சீஸை அறுக்கும்போது நீலம் நேர்கோடாக ஓடுவதைப் பார்த்தால் அது ஊசி போன தடம்.

பால் எடுப்பது, உறைய வைப்பது எல்லாம் பல மைல் தள்ளியுள்ள பண்ணைகளிலும் ஆலைகளிலும் நடக்கலாம். ஒருகாலத்தில் கோர்சிகா தீவிலும் பிரெனே மலைப்பக்கமும் வெள்ளைச் சீஸ் செய்து இங்கே அனுப்பினார்கள். ஆனால் குகைவாசம் இந்த இடிபாட்டுக்குள்தான், குறைந்தது 14 நாள். ஓக் மரப் பலகைகளில், தட்டையாகப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி அடுக்குவார்கள், ஓட்டைகளின் வாய் மூடாமலிருக்க. பூஞ்சணம் போதும் என்ற கட்டத்தில் வெள்ளீயத் தாளில் சுற்றிவிடுவார்கள். காற்று அறுந்ததும் அதன் ஓட்டம் தணியும். அப்புறம் குளிர் அறையில் மெதுவான முதிர்ச்சி. உறை சேர்த்த நாளிலிருந்து 90 நாள் ஆகாமல் விற்க முடியாது. சுற்றும் வேலை பரம்பரையாகப் பெண்களுடையது. கை வேகம் பார்த்தால் பீடி சுற்றுகிறவர்களே அசந்துபோவார்கள்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். 1411-இல் ஆறாம் ஷார்ல் மன்னர் இந்தச் சீஸை முதிரவைக்கும் தனியுரிமையை இவ்வூர்க்காரர்களுக்குக் கொடுத்தார். 1666-இல் துலூஸ் நீதிமன்றம், வேறெங்கோ செய்ததை ரோக்ஃபோர் என்று விற்கும் வியாபாரிகளைத் தண்டிக்க ஆணையிட்டது. அப்போதே போலிச் சரக்கு அவ்வளவு நடமாடியிருக்கிறது என்று அர்த்தம். 1925 ஜூலை 26-இல் நாடாளுமன்றமே தனிச்சட்டம் போட்டது. பிரான்சில் ஒரு சீஸுக்கு இப்படிப் பெயர்ப் பாதுகாப்பு கிடைத்தது அதுவே முதல். 1930-இல் பால்காரர்களும் ஆலைக்காரர்களும் ஒரே கூட்டமைப்பில் உட்கார்ந்தார்கள், பால் விலைச் சண்டை இன்றும் அந்த மேசையில்தான். 1961-இல் மியோ நீதிமன்றம் கடைசி ஆணியை அடித்தது: இதே முறையில் எங்கே வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள், கோம்பலு இடிபாட்டுக் குகையில் முதிராததை ரோக்ஃபோர் என்று சொல்லாதீர்கள். அரசர் காலத்திலிருந்து எழுதிய காகிதங்களையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், சரிந்த மலையைச் சுற்றி வேலி போட்டதுதான் அத்தனையும்.

வேலியால் லாபம் பெரிது, தொல்லையும் சிறிதல்ல. குகையை வேறிடத்துக்கு மாற்ற முடியாது, அகலப்படுத்தவும் முடியாது. அதனால் கீழ்நோக்கி அடுக்கடுக்காகத் தோண்டினார்கள். சில வீடுகளில் தெருவுக்கு மேலே தெரிவதைவிட அடியில் இருப்பது அதிகம். தெருவோ ஒரு வண்டி போனால் எதிர்வண்டி நிற்க வேண்டும். இடம் தேவைப்பட்ட வேலைகள் பள்ளத்தாக்கில், பெரிய சாலையோரம், இதே கொம்யூனைச் சேர்ந்த லோராஸ் பக்கம் இறங்கிவிட்டன. ஜனங்களும் வெயிலும் தோட்டமும் கிடைக்கும் ஊர்களில் வீடு கட்டிக்கொண்டு காலையில் வேலைக்கு வந்து போகிறார்கள். சென்ற நூற்றாண்டின் நடுவில் ஆயிரத்தைத் தாண்டியிருந்த ஊர் பாதியாகிப்போனது இப்படித்தான். தொழில் நொடித்ததால் அல்ல.

வெளியூர் அரசியலும் இங்கே வந்து முட்டும். ராணுவ முகாமை 3,000 ஹெக்டேரிலிருந்து 17,000-ஆக விரிக்கப்போகிறோம் என்று 1971-இல் அரசு அறிவித்தபோது லார்ஸாக்கில் எதிர்த்து நின்றவர்கள் இந்தப் பால்காரர்கள்தாம். பத்து வருடப் போராட்டத்துக்குப் பின் 1981-இல் அதிபரான மித்தெரான் அதைக் கைவிட்டார். 1999-இல், ஹார்மோன் கொடுத்து வளர்த்த மாட்டின் இறைச்சியை ஐரோப்பா வாங்க மறுத்ததற்காக அமெரிக்கா ரோக்ஃபோர் மீது நூறு விழுக்காடு வரி போட்டது. ஆகஸ்ட் 12-ஆம் தேதி ஜோசே போவே என்ற லார்ஸாக் ஆட்டுப்பண்ணைக்காரரும் கூட்டாளிகளும் மியோவில் கட்டிக்கொண்டிருந்த மெக்டொனால்ட்ஸ் கடையைக் கழற்றிப் போட்டார்கள். மாட்டிறைச்சிச் சண்டையில் ஆட்டுப்பாலுக்கு அபராதம் என்பது எந்த ஊர் நியாயமோ.

மார்ச்சில் ஊருக்கு வரும் நண்பரிடம் கால் வட்டம் கொடுத்தனுப்புகிறேன். சில விஷயங்கள் கவனியுங்கள். ரென்னெட் ஆட்டுக்குட்டி வயிற்றிலிருந்து வருவது என்பதால் சைவமான பெரியம்மாவுக்கு வேண்டாம். காய்ச்சாத பால் என்பதால் பிள்ளையுண்டான பெண்களுக்கும் கொடுக்காதீர்கள். நூறு கிராமில் மூன்று கிராமுக்கு மேல் உப்பு, உங்கள் ரத்தக்கொதிப்புக்கு ஒரு நெல்லிக்காய் அளவு போதும். வந்த தாளிலேயே இறுகச் சுற்றி, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் மூடிய டப்பாவில் வையுங்கள். திறந்து வைத்தால் மற்றதிலெல்லாம் வாடை ஏறும். ஃப்ரீசரில் வைத்தால் உதிர்ந்துபோகும். சாப்பிட ஒரு மணி நேரம் முன்னால் வெளியே எடுங்கள், நம்மூர் வெயிலுக்கு இருபது நிமிடம் போதும். நீலமாக இருப்பதைச் சுரண்டி எறிய வேண்டாம், காசு அதற்குத்தான். மஞ்சளாகி, வழவழவென்று, மூக்கைப் பிய்க்கும் நெடி வந்தால் மட்டும் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

நிலவரி ரசீது நகலைத் தம்பியிடம் கொடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்