ஜப்பான் கேட்ரிட்ஜ் விஷயமாக, நம்ம கடை வாடிக்கையாளர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பத்து நாளாக வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கும் அந்தச் செய்தி உங்களுக்கும் வந்திருக்கும். எனக்கே மூன்று பேர் அனுப்பினார்கள், அதில் ஒருவர் என் மைத்துனர். "ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம், மாடியில் பழைய கேம் விற்கிற கடை. அட்வான்ஸ் வார்ஸ் டூப்ளிகேட் தருகிறார்கள். ஜப்பான் ஒரிஜினல் கேட்டால் அப்படி ஒன்று வரவே இல்லை என்று புளுகுகிறார்கள்." அட்வான்ஸ் வார்ஸ் என்பது கேம்பாய் அட்வான்ஸ் என்ற கையடக்க மெஷினில் கேட்ரிட்ஜைச் செருகி ஆடும் போர் விளையாட்டு. கடைப் பெயரைப் போடவில்லையாம், பெருந்தன்மை. அந்தப் பக்கம் மாடியில் பழைய கேம் விற்கிற கடை எத்தனை இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

டூப்ளிகேட் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்தப் 'புளுகு'. பதினான்கு வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். விலை அதிகம் என்று சொல்லியிருக்கிறார்கள், மாடிப்படி செங்குத்து என்று சொல்லியிருக்கிறார்கள், நான் சிடுசிடு என்று பேசுகிறேன் என்று என் வீட்டிலேயே சொல்கிறார்கள். பொய் சொன்னேன் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

அன்றைக்கு நடந்தது இவ்வளவுதான். ஒரு தம்பி வந்து, 2001-இல் ஜப்பானில் வந்த அட்வான்ஸ் வார்ஸ் பெட்டியோடு வேண்டும் என்றார். சாப்பாட்டு நேரம், டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தேன். "அது ஜப்பான்ல வரவே இல்லப்பா, அமெரிக்கா கேட்ரிட்ஜ்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டேன். முழுக் கதையையும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அது குறைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது பொய்யில்லை.

முழுக் கதையை இப்போது சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள். இந்த விளையாட்டைச் செய்தது கியோட்டோவில் இருக்கும் இன்டெலிஜென்ட் சிஸ்டம்ஸ், வெளியிட்டது நின்டெண்டோ. வரிசையில் முதலாவது, நின்டெண்டோவின் பழைய டிவி மெஷினான ஃபேமிகாமுக்கு 1988-இல் வந்த ஃபேமிகாம் வார்ஸ். அப்புறம் 1991-இல் கேம்பாய் வார்ஸ். 1998-இல் ஃபேமிகாமுக்கு அடுத்த மெஷினான சூப்பர் ஃபேமிகாமுக்கு ஒன்று. அவை எல்லாமே ஜப்பானோடு நின்றவை. வெளிநாட்டுக்காரன் கண்ணில் காட்டவில்லை. ஆகவே அட்வான்ஸ் வார்ஸும் முதலில் ஜப்பானில்தான் வந்திருக்கும் என்று அந்தத் தம்பி நினைத்ததில் தப்பே இல்லை. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன்.

நடந்தது தலைகீழ். கேம்பாய் அட்வான்ஸுக்கான இந்த விளையாட்டு அமெரிக்காவில் 2001 செப்டம்பர் 10 அன்று கடைக்கு வந்தது. மறுநாள் நியூயார்க்கில் என்ன நடந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. டேங்க், குண்டு வீசும் விமானம் என்று படத்தோடு ஒரு பெட்டியை அந்த நேரத்தில் விற்பது யாருக்கும் சங்கடம்தானே. ஐரோப்பாவில் 2002 ஜனவரிக்குத் தள்ளினார்கள். ஜப்பானில் 2001 கடைசிக்குள் வரவேண்டியதை நிறுத்தி வைத்தார்கள். ஒரு வருஷம் போனது, இரண்டு வருஷம் போனது, வரவில்லை. 2003-இல் இரண்டாம் பாகமே அமெரிக்காவில் வந்துவிட்டது, ஜப்பானில் இன்னும் முதல் பாகம் இல்லை. கடைசியில் 2004 நவம்பரில்தான் அங்கே வந்தது. அப்போதும் தனியாக இல்லை. இரண்டு பாகத்தையும் ஒரே கேட்ரிட்ஜில் போட்டு, 'கேம்பாய் வார்ஸ் அட்வான்ஸ் 1+2' என்று பெயர் வைத்து விற்றார்கள்.

ஆக, '2001 ஜப்பான் ஒரிஜினல்' என்று ஒரு பொருள் உலகத்தில் கிடையாது. யாராவது அதை உங்களிடம் விற்க வந்தால் அவரைப் பற்றித்தான் வாட்ஸ்அப்பில் எழுத வேண்டும்.

இந்த விளையாட்டின் ராசியே அப்படி. இரண்டு பாகத்தையும் புதிதாகச் செய்து நின்டெண்டோவின் ஸ்விட்ச் மெஷினுக்குக் கொண்டுவருகிறோம் என்று 2021-இல் அறிவித்தார்கள். ஒரு தடவை தள்ளி 2022 ஏப்ரல் என்றார்கள். பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்தது. மறுபடியும் நிறுத்திவைத்து, 2023 ஏப்ரலில்தான் விட்டார்கள். ஆண்டி (Andy), மேக்ஸ் என்று பொம்மை மாதிரி சிரிக்கிற தளபதிகளை வைத்துச் செய்த விளையாட்டு, ஒவ்வொரு தடவையும் நிஜச் சண்டை வந்து குறுக்கே நிற்கிறது. இதை அந்தத் தம்பியிடம் சொல்லியிருந்தால் உட்கார்ந்து கேட்டிருப்பார். சாதம் ஆறிப்போயிருக்கும், போகட்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கேம்பாய் அட்வான்ஸில் நாட்டுப் பூட்டு கிடையாது. அமெரிக்கா கேட்ரிட்ஜ் எந்த நாட்டு கேம்பாய் அட்வான்ஸிலும் ஓடும். 2004 ஜப்பான் கேட்ரிட்ஜை வாங்கினால் எழுத்தெல்லாம் ஜப்பானிய மொழி. நெல் (Nell) என்ற பெண் தளபதி வந்து ஒவ்வொரு யூனிட்டாக, அதாவது படைப்பிரிவாக, கற்றுக்கொடுக்கிற பயிற்சிப் பகுதி இருக்கிறதே, புதிதாக ஆடுகிறவர்களுக்கு உயிரே அதுதான். அதைப் படிக்க முடியாவிட்டால் பெட்டியை அலமாரியில் வைத்து அழகு பார்க்கலாம். ஆகவேதான் அமெரிக்கா கேட்ரிட்ஜை எடுக்கச் சொன்னேன். தள்ளிவிடுவதற்காக இல்லை.

சரி, டூப்ளிகேட் விஷயம். போன மாதம் ஒரு மொத்த வியாபாரியிடம் வாங்கிய ஏழு கேட்ரிட்ஜில் மூன்றுக்குள் பட்டன் பேட்டரி இருந்தது. ஒரிஜினல் அட்வான்ஸ் வார்ஸ், ஆட்டம் எதுவரை வந்தது என்பதை ஃபிளாஷ் மெமரி என்ற சிப்பில் சேவ் செய்யும், உள்ளே பேட்டரியே இருக்காது. அதில் ஒன்றை வாங்கிய அந்தத் தம்பி, சேவ் அழிகிறது என்று திரும்பி வந்தபோது, பேட்டரி மாற்றினால் சரியாகிவிடும் என்று நான் சொன்னது அவசரத்தில் சொன்னது. மூன்றையும் மாற்றித் தருகிறேன்.

இந்த மாதிரி முன்பு நடந்ததில்லை என்பது உங்களுக்குத் தெரியும். முன்பெல்லாம் வரும் கேட்ரிட்ஜ் ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் அலமாரியில் வைப்போம். பார்த்தது நான் இல்லை, நம்ம கடைத் தம்பி. மூன்று கால் திருகாணியை அவர் கழற்றுகிற வேகத்துக்கு எனக்குக் கண் தெரியாது, வெள்ளெழுத்து. ஏப்ரலில் ஒரு மொபைல் சர்வீஸ் சென்டரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் உண்டு. நல்லபடியாக இருக்கட்டும், அவர் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. சனிக்கிழமை மாலை மட்டும் வந்து உதவுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அதுவரை நீங்களும் வாங்கும்போது பாருங்கள். கேட்ரிட்ஜின் அடிப்பக்கம் தங்கநிறப் பற்களுக்கு மேலே போர்டில் நின்டெண்டோ பெயர் தெரிய வேண்டும். லேபிளைச் சாய்த்துப் பிடித்தால் அழுத்திப் பதித்த எண் ஒன்று மங்கலாகத் தெரியும். இப்போது டூப்ளிகேட்காரர்கள் இதையும் செய்யப் பழகிவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

சேவ் அழிந்துபோன அந்தத் தம்பிக்கு ஒரு வார்த்தை. உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. கடைசி எதிரியான ஸ்டர்ம் எதிரில் வந்து நிற்கும் கட்டம் வரைக்கும் போயிருந்தீர்களாம். ஆட்டத்துப் பணத்தை ஆயிரம் ஆயிரமாகச் சேர்த்து, காலாட்படையை நடக்கவிட்டு, ஒவ்வொரு ஊராக இரண்டு இரண்டு முறை உட்காரவைத்துப் பிடித்து வந்தது, காலையில் பார்த்தால் ஒன்றுமில்லை என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது? எனக்கு ஒருமுறை இரண்டாம் பாகத்தில் இப்படி ஆனது. அந்த மெஷினை ஒரு வாரம் தொடவில்லை. கடைக்கு வாருங்கள், டீ சாப்பிட்டுக்கொண்டே பேசலாம்.

இந்தப் பத்து நாளில் எனக்காகப் பேசியவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பெரம்பூரிலிருந்து வரும் ஐயா ஒருவர் தன்னிடம் இருக்கும் 2004 பெட்டியைப் போட்டோ எடுத்து அதே குரூப்பில் போட்டார். நான் கேட்கவே இல்லை. சனிக்கிழமைகளில் கடை மேஜையில் ஆடும் நாலு பேரும் போன வாரம் சொல்லிவைத்த மாதிரி ஆளுக்கொரு பொருள் வாங்கிக்கொண்டு போனார்கள். ஒருவர் வாங்கியது ஏற்கெனவே அவரிடம் இரண்டு இருக்கும் கேபிள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். ஒரே மெஷினை நாலு பேர் கைமாற்றி ஆடி, நாலு மணிக்குத் தொடங்கிய ஆட்டம் ஒன்பது மணிக்கும் முடியாமல், வெளிச்சம் போதாமல் ஜன்னலிலிருந்து டியூப்லைட்டுக்கு நகர்ந்து, அந்தப் பழைய திரையை முகத்தருகே பிடித்துக்கொண்டு நீங்கள் போடும் சத்தத்தில்தான் இந்தக் கடை கடையாக இருக்கிறது. கீழ்க்கடை ஜெராக்ஸ்காரர் குறை சொல்வார், சொல்லட்டும்.

அந்த மேஜையில் கான்பெய் என்ற தளபதியை எடுத்து ஆடுபவர்களுக்குத் தெரியும். அவர் படையில் ஒவ்வொரு யூனிட்டும் 20 சதவீதம் விலை கூட, ஆனால் அடி பலமாக விழும். கூரியரும் சுங்கமும் ஏறிப்போனதால் ஒன்றாம் தேதி முதல் நம்ம கடையிலும் கான்பெய் கணக்குதான், விலை 20 சதவீதம் கூட.

பேட்டரி கேட்ரிட்ஜ் வாங்கிய மற்ற இருவர் யார் என்று எனக்குத் தெரியவில்லை, பில் போடாமல் கொடுத்துவிட்டேன். இந்த மாதக் கடைசிக்குள் ஏதாவது ஒரு சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மேல் கேட்ரிட்ஜோடு வாருங்கள். நம்ம கடைத் தம்பி இருப்பார், உங்கள் கண் முன்னாலேயே பிரித்துப் பார்த்து ஒரிஜினல் தருகிறோம். மாற்றித்தான் தர முடியும், பணமாக இல்லை. மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை மட்டும் வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் கடைக்காரர்